கோப்பையும் பணி ஆணையும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு மரக்காணம் என்பது சாலையோரத்து உப்புக் குவியல்கள்தான். கீற்று போட்டு மூடிய குவியல், பாத்திகள், நடுவில் வரப்பில் நடக்கும் பெண்கள். சாலையின் இரு முனையிலும் இருக்கிற நகரங்கள் தேசிய சீனியர் கூடைப்பந்துப் போட்டியை அண்மைக் காலத்தில் நடத்தியிருக்கின்றன. புதுச்சேரியில் 2017-இல் நடந்தது. சென்னையில் 2018-இலும், மறுபடி 2022-இல் நேரு உள்விளையாட்டரங்கிலும் நடந்தது. இந்த இரண்டு நகரங்களுக்கும் நடுவில், மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பு விளையும் கரையில் பிறந்த ஒரு பெண்ணுக்கும் அந்தத் தேசியப் போட்டியின் பெண்கள் கோப்பைக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கோப்பையின் வரலாற்றைப் படித்தால் வழக்கமாகச் சொல்லப்படும் கதை போதவில்லை. வென்றவர்கள் பட்டியலை எடுத்தால் இந்திய ரயில்வே என்ற பெயர் சலிப்புத் தட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு சாரார் இதை ரயில்வேயின் சாதனை என்கிறார்கள். இன்னொரு சாரார் அநியாயமான ஆதிக்கம் என்கிறார்கள். இரண்டு பேருமே ஆட்டக்களத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். நான் சம்பளப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்வேன். விளையாடும் பெண்ணுக்கு யார் மாதச் சம்பளம் கொடுத்தார்களோ அவர்கள் கையில்தான் இந்தக் கோப்பை இருந்திருக்கிறது. உலகத்தில் வேறு பல இடங்களிலும் அப்படித்தான். எனவே ரயில்வே எத்தனை முறை வென்றது என்பதில் குறை காண ஒன்றுமில்லை. பெண்களுக்கு வேலை தர ரயில்வேயை விட்டால் ஆளில்லாமல் போனதில்தான் குறை இருக்கிறது.

தொடக்க காலத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டே பக்கத்து ஊரிலிருந்த ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் அதைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பெண்கள் களைத்துவிடக் கூடாதென்று களத்தை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொருத்தியும் தன் பகுதியைத் தாண்டக் கூடாது என்று விதி எழுதியவரும் அவரே. இந்தியாவுக்கு ஆட்டம் வந்தது ஒய்.எம்.சி.ஏ. வழியாக. அந்த வழியில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. ஹாரி குரோ பக் 1920-இல் இங்கே தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியில் பயின்றவர்கள்தான் தென்னகப் பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களாகப் போனார்கள். ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி 1934-இல் டெல்லியில் நடந்தது. இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனம் 1950-இல் அமைந்தது. பெண்கள் போட்டி பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. கோப்பைகளின் பெயர்கள் இன்று எங்கே வாழ்கின்றன என்று தேடினால் வேடிக்கையான விடை கிடைக்கிறது. டாட் நினைவுக் கோப்பை, பசாலத் ஜா கோப்பை, எஸ்.எம். அர்ஜுன ராஜா கோப்பை ஆகியவை எந்த விளையாட்டோடு தொடர்புடையவை என்பது போட்டித் தேர்வு வழிகாட்டிகளில் நிரந்தரக் கேள்வி. ரயில்வே வேலைக்குப் படிக்கிற பிள்ளைகள் அவற்றை மனப்பாடம் செய்கிறார்கள். அந்தக் கோப்பைக்காக ஆடுகிற பெண்களும் பெரும்பாலும் அதே வேலைக்காகத்தான் ஆடுகிறார்கள். வழிதான் வேறு.

தேசியப் போட்டியின் அமைப்பே இதை வெளிப்படையாகக் காட்டுகிறது. மாநிலங்கள் ஒவ்வொன்றும் ஓர் அணி அனுப்புகின்றன. அவற்றோடு சமமான உறுப்பாக இந்திய ரயில்வேயும் ஓர் அணி அனுப்புகிறது; ஆண்கள் பிரிவில் முப்படைகளின் சர்வீசஸ் அணியும் உண்டு. ஆக, ஒரு நிலப்பரப்பும் ஒரு நிறுவனமும் ஒரே களத்தில் மோதுகின்றன. தமிழ்நாட்டில் பிறந்து தமிழ்நாட்டுக்கு ஆடிய பெண், தெற்கு ரயில்வேயில் வேலை கிடைத்த மறு ஆண்டே ரயில்வே சட்டை போட்டுத் தமிழ்நாட்டை எதிர்த்து ஆட வேண்டியிருக்கும். ரயில்வே விளையாட்டு மேம்பாட்டு வாரியத்தின் வேர் 1928-க்குப் போகிறது; எந்த மண்டலத்தில் வேலை பார்த்தாலும் சிறந்த பன்னிரண்டு பேரை அங்கிருந்து எடுத்து ஓர் அணி ஆக்கும் வசதி அதற்கு உண்டு. தேசியப் போட்டியில் முன்னணியில் வந்த அணிகளை மட்டும் அழைத்து நடத்தும் ஃபெடரேஷன் கோப்பையிலும் இதே பெயர்கள்தான் மறுபடி வரும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே எடுப்பது பதினெட்டு முதல் இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களை. அந்த ஏழு ஆண்டுகளை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். நம் வீடுகளில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயதும் அதுவே. கல்லூரி முடிந்து, ஆட்டம் முடிந்து, சான்றிதழ்களைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிற வயது. அந்த இடத்தில் ஒரு பணி ஆணை வந்தால் கதை வேறு மாதிரி போகிறது.

எப்படிப் போகிறது என்பதற்கு இரண்டு பெயர்கள் போதும். கோட்டயத்துக்காரரான கீது அன்னா ஜோஸ் தெற்கு ரயில்வே ஊழியர். ஆறடி இரண்டங்குல உயரம். ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். 2011-இல் அமெரிக்கத் தொழில்முறைப் பெண்கள் லீக் அணிகளின் தேர்வு ஆட்டங்களுக்கு அழைக்கப்பட்டார். 2014-இல் அர்ஜுனா விருது பெற்றார். சென்னையின் அனிதா பால்துரையும் தெற்கு ரயில்வேதான். பத்தொன்பது வயதில் இந்திய அணிக்குத் தலைவி, 2021-இல் பத்மஸ்ரீ. அவர் வாழ்க்கையில் என் வாதத்துக்கு மிகவும் உதவுவது விருது அல்ல, இடைவெளி. குழந்தை பெற்றுத் திரும்பி வந்து, 2017 ஜூலையில் பெங்களூருவில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவில் ஆடினார். இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று வென்று இந்தியா முதல் பிரிவுக்கு ஏறியது. மத்திய அரசு ஊழியருக்கு 2008 முதல் நூற்றெண்பது நாள் மகப்பேறு விடுப்பு உண்டு. திரும்பி வந்தால் நாற்காலி அங்கேயே இருக்கும். கிளப்பில் ஆடுகிற பெண்ணுக்கோ கல்லூரி அணிப் பெண்ணுக்கோ அப்படி ஒரு நாற்காலி கிடையாது. திறமையும் விடாமுயற்சியும் அவருடையவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதே திறமையோடு இருபத்திரண்டு வயதில் நின்றுபோனவர்கள் எத்தனையோ பேர். அவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை என்பதால் நாம் விடாமுயற்சியை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போகிறோம்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, பலமானதும்கூட: மாநிலங்கள் வளர்த்த பெண்களை ரயில்வே அள்ளிக்கொண்டு போகிறது, யார் வெல்வார்கள் என்று முன்கூட்டியே தெரிந்த போட்டியில் என்ன சுவை? எனவே ரயில்வேயைத் தேசியப் போட்டியிலிருந்து விலக்கு, அல்லது அவரவர் சொந்த மாநிலத்துக்கே ஆடட்டும். இதில் பாதி உண்மை. ஒருபக்கமான இறுதிப் போட்டிகள் இந்தக் கோப்பையின் வரலாற்றில் நிறைய. ஆனால் ஆண்கள் போட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் வேறு என்று புலப்படும். அங்கேயும் அதே ரயில்வே ஆடுகிறது. அதே விதிகள், அதே ஸ்போர்ட்ஸ் கோட்டா. ஆனாலும் பட்டத்துக்குப் பஞ்சாப், தமிழ்நாடு, சர்வீசஸ், உத்தராகண்ட் என்று பலரும் மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். ஏன்? ஆண்களுக்கு வேலை கொடுக்கிறவர்கள் பலர். சென்னையில் மட்டும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, வருமான வரித் துறை, தமிழ்நாடு காவல்துறை என்று அணிகள், பஞ்சாபில் போலீஸ், டேராடூனில் ஓ.என்.ஜி.சி.; எல்லாவற்றுக்கும் மேலே தரைப்படை, கடற்படை, விமானப்படை. உத்தராகண்ட் மலையில் திடீரென்று கூடைப்பந்துக்காரர்கள் முளைத்துவிடவில்லை, ஓ.என்.ஜி.சி.யின் தலைமையகம் அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். வங்கி வேலையில் இருப்பவன் ஊரிலேயே இருந்து மாநிலத்துக்கு ஆடலாம், ரயில்வேயை எதிர்த்தும் நிற்கலாம். பெண்ணுக்கு அந்த வங்கி வேலை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அவளும் தமிழ்நாட்டுச் சட்டையில் நின்றிருப்பாள். ரயில்வேயை விலக்கினால் போட்டி சமமாகும் என்பது சரிதான். எல்லோரும் இருபத்திரண்டு வயதில் நிற்கிற சமம் அது.

தோற்கத் தெரிந்தே ஏன் இத்தனை மாநிலங்கள் அணி அனுப்புகின்றன என்பதையும் இங்கே கேட்டுவிட வேண்டும். விளையாட்டுப் பிள்ளைகளின் பெற்றோரிடம் பேசிப் பார்த்தவர்களுக்கு ‘ஃபார்ம் டூ’ என்ற சொல் பழக்கமாயிருக்கும். மத்திய அரசுப் பணிக்கான விளையாட்டுச் சான்றிதழ் படிவங்களில் ஒன்றாம் படிவம் நாட்டுக்காக ஆடியவருக்கு, இரண்டாம் படிவம் தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவருக்கு, மூன்றாவது பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு, நான்காவது பள்ளிகளுக்கான தேசியப் போட்டிக்கு. பொறியியல் கல்லூரிக் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கும் இந்தப் படிவங்களைத்தான் கேட்கிறார்கள். ஒரு தாளில் சங்கச் செயலாளர் கையெழுத்து, முத்திரை, பெற்ற இடம், அவ்வளவே. லீக் சுற்றிலேயே வெளியேறுகிற அணியின் பன்னிரண்டாவது ஆட்டக்காரிக்கும் அந்தத் தாள் கிடைக்கிறது. அவளைப் பொறுத்தவரை கோப்பை யாருக்குப் போனது என்பது இரண்டாம் பட்சம். தேசியப் போட்டியைப் பட்டத்துக்கான பந்தயமாக மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது கேவலமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு கல்லூரி இடத்தையோ ஒரு குமாஸ்தா வேலையையோ பெற்றுத் தருகிற ஆட்டம், வெறும் பெருமைக்காக ஆடுகிற ஆட்டத்தைவிடக் குறைந்ததில்லை. சிக்கல் எங்கே வருகிறதென்றால், அந்தத் தாளை வைத்துக்கொண்டு கதவைத் தட்டப் போகிற பெண்ணுக்குத் திறக்கும் கதவு ஒன்றிரண்டுதான் என்பதில்.

வேலை கொடுக்கிறவர் கைக்குக் கோப்பை போவது நம் நாட்டுக் கோணல் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் பெண்களுக்கான தேசியப் போட்டியை அமெச்சூர் தடகளச் சங்கம் 1926-இல் தொடங்கியது. அதன் தொடக்கக் காலப் புகழ்பெற்ற அணிகளில் ஒன்று டல்லஸ் நகரத்துக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கோல்டன் சைக்ளோன்ஸ். பேப் டிட்ரிக்சன் என்ற பதின்வயதுப் பெண்ணை 1930-இல் அந்த நிறுவனம் மாதம் எழுபத்தைந்து டாலருக்குத் தட்டச்சர் வேலைக்கு எடுத்தது. எதற்கு எடுத்தது என்று எல்லோருக்கும் தெரியும். 1931-இல் அந்த அணி பட்டம் வென்றது. 1932 ஒலிம்பிக்கில் அவர் தடகளத்தில் இரண்டு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். ஐரோப்பாவில் பெண்கள் சாம்பியன் கோப்பையை 1960-க்கும் 1982-க்கும் இடையில் பதினெட்டு முறை வென்றது ரீகா நகரத்தின் டி.டி.டி. அணி. அந்த மூன்றெழுத்து என்ன தெரியுமா? டிராம், டிராலிபஸ் நிர்வாகம். தண்டவாளத்தில் ஓடும் வண்டியின் நிர்வாகம் பெண்கள் கூடைப்பந்தை ஆண்டது ரீகாவில் நடந்த பிறகுதான் இங்கும் நடந்ததா என்று சிரிக்கத் தோன்றுகிறது. ஏழடிக்குச் சற்றே குறைந்த உலியானா செம்யோனோவா அங்கேதான் ஆடினார். கொரியாவில் வங்கிகள் பெண்கள் அணி வைத்தன. வணிக வங்கி அணியின் பாக் ஷின்-ஜா 1967 உலகப் போட்டியில் தன் நாட்டை வெள்ளி வரை கொண்டு வந்து சிறந்த ஆட்டக்காரியாகத் தேர்வானார். ஜப்பானில் பேரரசி கோப்பை என்று பெண்களுக்கான தேசியக் கோப்பையே உண்டு. அதை நெடுங்காலம் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டவை ஓர் அழகுசாதன நிறுவனமும் ஓர் எண்ணெய் நிறுவனமும். எண்ணெய் நிறுவனமான எனியோஸின் அணி பின்னர் ஆண்டுக்கணக்கில் அதை விடவேயில்லை. அப்படிப்பட்ட அணிகளிலிருந்து வந்த பெண்கள்தான் டோக்கியோ ஒலிம்பிக் இறுதியில் அமெரிக்காவோடு 90-75 என்று மோதி வெள்ளி வென்றார்கள். நம் மொழிக்காரர் ஒருவரையும் சொல்லலாம்: கூடைப்பந்திலிருந்து கிளைத்த வலைப்பந்தில் இலங்கை அணியின் தூணாக நின்ற யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம், கொழும்பில் ஒரு வங்கியின் அணிக்கு ஆடியவர்.

இரண்டாவது எதிர்வாதம்: இதெல்லாம் பழைய காலம், இனித் தொழில்முறை லீக்தான் வழி, வேலை கொடுத்து ஆட வைப்பது சோஷலிச மிச்சம். கேட்க நன்றாக இருக்கிறது. இந்தியாவில் ஆண்களுக்கே 2015-இல் தொடங்கிய ஒரு தொழில்முறை லீக் 2017-க்கு மேல் நீடிக்கவில்லை. உலகின் மிகப் பெரிய பெண்கள் லீகின் ஆட்டக்காரிகளும் குளிர்காலத்தில் ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போய்த்தான் பணம் பார்த்தார்கள். 2022-இல் அமெரிக்க ஆட்டக்காரி பிரிட்னி கிரைனர் மாஸ்கோ விமான நிலையத்தில் பிடிபட்டபோது உலகம் அரசியலைப் பேசியது. அவர் எந்த அணிக்காகப் போனார் என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. எகாத்தரீன்பர்க் நகரத்து அந்த அணிக்குப் படியளந்தது யூரல் மலையின் செம்புச் சுரங்க நிறுவனம். டயானா டவுராசி 2015-இல் அமெரிக்க லீகில் ஆடாமல் ஓய்வெடுப்பதற்கே அந்த அணி பணம் கொடுத்தது. ஆக, தொழில்முறை என்று நாம் வாய்பிளந்து பார்க்கிற இடத்திலும் பின்னால் ஒரு சுரங்கக்காரன் நின்றிருக்கிறான். லீக் வரட்டும், நல்லது. ஆனால் அது வரும்வரை இருக்கிற வேலையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பது, வீடு கட்டப் போகிறேன் என்று குடிசையைப் பிரித்துப் போடுகிற வேலை.

மூன்றாவது எதிர்வாதத்துக்கு என்னால் முழுப் பதில் சொல்ல முடியாது. வேலை கிடைத்ததும் ஆட்டம் மந்தமாகிவிடுகிறது. அதனால்தான் ஆசியாவின் முன்னணி அணிகளை நம்மால் நெருங்க முடியவில்லை என்கிறார்கள். பெங்களூருவில் 2017-இல் ஏறிய இந்தியா 2019-இல் அதே நகரத்தில் முதல் பிரிவில் ஆடிக் கடைசி இடத்தில் முடித்தது உண்மை. ஜப்பான் பெண்ணும் நிறுவன ஊழியர்தான், நம் பெண்ணும் நிறுவன ஊழியர்தான். விளைவு மட்டும் இவ்வளவு வேறாக இருப்பதேன்? ஜப்பானிய நிறுவனம் சம்பளத்தோடு பயிற்சியாளரையும் அரங்கத்தையும், மாதக்கணக்கில் ஓடும் லீக் அட்டவணையையும் சேர்த்துத் தருகிறது. நம்மிடம் பணி ஆணை இருக்கிறது, ஆட்டம் இல்லை. தேசியப் போட்டி ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு வாரம். ஃபெடரேஷன் கோப்பை, ரயில்வே மண்டலங்களுக்கு இடையிலான போட்டி, சில அழைப்புப் போட்டிகள். இந்தக் கடைசி வகையில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களும் நகரங்களும் செய்திருக்கும் வேலையைச் சம்மேளனத்துக்காரர்கள் போதுமான அளவு பாராட்டியதில்லை. கோவையில் ஆண்களுக்கு நாச்சிமுத்துக் கவுண்டர் நினைவுக் கோப்பை நடக்கும்போது பெண்களுக்கு சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பை நடக்கிறது. கரூரில் பெண்களுக்குக் கரூர் வைசியா வங்கிக் கோப்பை. மே மாதத்து இரவில், மின்விளக்கு வெளிச்சத்தில், தெற்கு ரயில்வேயும் கேரள மின்வாரியமும் மோதுவதைப் பார்க்க குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வருகிறது. பெண்கள் கூடைப்பந்துக்கு ஆளே வரமாட்டார்கள் என்கிற சம்மேளனப் பேச்சுக்கு அந்தக் கூட்டம் பதில். ஆட்டக்காரிகளை மந்தமாக்குவது வேலை என்பதைவிட ஆட்டங்களின் பஞ்சம் என்றுதான் நான் சொல்வேன். எனினும் ரயில்வே அணிக்கு ஈடு இல்லாததும் மந்தத்துக்கு ஒரு காரணம் என்பதை மறுக்க மாட்டேன். ஈடு ஏன் இல்லை என்பதற்கு முன்பே பதில் சொல்லியாகிவிட்டது.

ஒற்றைப் புரவலரை நம்புவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அமெரிக்காவில் நாஷ்வில் வணிகக் கல்லூரி அணி பதினோரு தேசியப் பட்டங்கள் வென்றது; அதன் உரிமையாளர் 1969-இல் கையை விரித்ததும் அணி கலைந்தது, நெரா ஒயிட் போன்ற ஆட்டக்காரியின் ஆட்டமும் அத்தோடு முடிந்தது. வாரணாசியின் சிங் சகோதரிகள் டெல்லிக்கு வந்து ஆடியபோது அவர்களுக்கு வேலை கொடுத்தது எம்.டி.என்.எல். தொலைபேசி நிறுவனம், அந்த ஆண்டுகளில் டெல்லி பெண்கள் அணி ரயில்வேக்குத் தலைவலியாக இருந்தது. சகோதரிகளில் பிரசாந்தி 2019-இல் பத்மஸ்ரீ பெற்றார். நிறுவனமோ நட்டத்தில் மூழ்கி ஊழியர்களையே விருப்ப ஓய்வில் அனுப்பியது. புதிதாக ஆட்டக்காரிகளை எடுக்க அங்கே யார் இருந்தார்கள்? இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் கேரளம். ரயில்வேக்கு அண்மைக் காலத்தில் ஈடுகொடுத்து நின்ற மாநிலம் அது. கேரள மண்ணில் ஏதோ இருக்கிறது, அங்கே பெண்கள் உயரம், கான்வென்ட் பள்ளிகள் அதிகம் என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். பள்ளிகளின் பங்கு உண்மைதான். ஆனால் வயநாட்டுப் பி.எஸ். ஜீனாவும் அவரோடு ஆடியவர்களில் பலரும் கேரள மாநில மின்வாரிய ஊழியர்கள் என்பதைச் சொல்லாமல் கேரளத்தின் கதையைச் சொல்ல முடியாது. மாநில அரசின் ஒரு வாரியம் ஒரு பெண்கள் அணியை வைத்துக்கொண்டது. அந்தப் பெண்கள் சொந்த மாநிலத்தில் தங்கினார்கள். கோப்பைப் போட்டிக்கு உயிர் வந்தது.

மரக்காணத்துக்குத் திரும்புவோம், ஏனென்றால் வேலை என்பது மேல்படி; கீழ்ப்படி இல்லாமல் மேல்படிக்கு யாரும் ஏற முடியாது. இந்தக் கரையில் கூடைப்பந்து ஏன் வேரூன்றவில்லை என்பதற்குத் தரையே பதில் சொல்லும். கபடிக்கு மண் போதும். கைப்பந்துக்கு இரண்டு கம்பும் ஒரு வலையும். கூடைப்பந்துக்கு இருபத்தெட்டு மீட்டர் நீளம், பதினைந்து மீட்டர் அகலத்தில் சமதளமான கெட்டித் தரை வேண்டும். மூன்று மீட்டர் ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் நாற்பத்தைந்து சென்டிமீட்டர் அகல இரும்பு வளையம் வேண்டும். உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது. முதலில் வளையத்தைப் பலகையோடு பிணைக்கும் போல்ட்டு துருவேறும். பிறகு வலை மாட்டுகிற கொக்கிகள் ஒவ்வொன்றாக உதிரும். கம்பத்தின் அடியில், சிமெண்டைத் தொடுகிற இடத்தில், வண்ணம் கொப்புளித்து இரும்பு ஏடு ஏடாகப் பெயரும். சிமெண்டுத் தரையிலும் உப்புப் பூத்து மேல்பூச்சு உரியும். உரிந்த இடத்தில் பந்து தட்டினால் கைக்குத் திரும்பி வராது, பக்கவாட்டில் ஓடும். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதுதான் இந்த ஆட்டத்தின் அரிச்சுவடி. அதைக் கற்கிற வயதில் பந்து சொன்னபடி கேட்காத தரையில் ஆடிய பெண் மாவட்டத் தேர்வில் நிற்க முடியாது. பெண்களுக்கென்று 2004 முதல் ஆறாம் அளவுப் பந்து. பையன்களின் ஏழாம் அளவுப் பந்தே பள்ளியில் இருக்கும். சொரசொரப்பான சிமெண்டில் ரப்பர் பந்து சில மாதத்தில் வழுவழுப்பாகிவிடும். இவ்வளவும் தாண்டினால் காலம் இடிக்கிறது. கோடைப் பயிற்சி முகாம் நடக்கிற மே மாதம் உப்புக்கும் உச்சப் பருவம். விடியுமுன் உப்பளத்துக்குப் போகும் தாய்மாரின் வீட்டில், மூத்த பெண் மைதானத்துக்குப் போனால் அடுப்படியை யார் பார்ப்பது என்ற கேள்வி எழும். மழைக்காலத்தில் வேலையில்லாத மாதங்களுக்கு அரசு கொடுக்கும் ஐயாயிரம் ரூபாயில் காலணி வாங்கச் சொல்ல முடியாது.

அப்படியானால் இந்தக் கரைக்குக் கூடைப்பந்து எதற்கு, கபடியே போதாதா என்று கேட்பது நியாயமான கேள்வி. ஒவ்வொரு பள்ளியிலும் கூடைப்பந்துக் களம் கட்டு என்று நானும் சொல்லவில்லை. உயரமான ஒரு பெண், கை நீளமான ஒரு பெண், பந்து எங்கே விழும் என்று முன்னமே தெரிகிற ஒரு பெண் எந்த ஊரிலும் பிறக்கிறாள். அவளைக் கண்டெடுத்துக் கொண்டுபோக ஆள் வேண்டும். பிலாயில் ராஜேஷ் பட்டேல் அதைத்தான் செய்தார். 2018-இல் காலமாகும் வரை ஏழைக் குடும்பத்துப் பெண்களைத் தேடி அழைத்து வந்து, பயிற்சி கொடுத்து, ரயில்வே வேலை வாங்கிக்கொடுத்து, சத்தீஸ்கர் அணியை நாட்டின் முன்வரிசைக்குக் கொண்டுவந்தார். எஃகு ஆலை நகரத்தின் மைதானங்கள் அவருக்கு இருந்தன. தமிழ்நாட்டில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள் இருக்கின்றன. முதலமைச்சர் கோப்பையில் மாணவிகளுக்குக் கூடைப்பந்து இருக்கிறது. அரசுப் பணியில் மூன்று விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீடும் இருக்கிறது. துண்டு துண்டாக எல்லாம் இருக்கிறது. மரக்காணத்துப் பெண்ணை விழுப்புரம் மாவட்டத் தேர்வுக்கு யார் அழைத்துப் போவது, அங்கிருந்து விடுதிக்கு, விடுதியிலிருந்து கல்லூரிக்கு, கல்லூரியிலிருந்து வேலைக்கு என்று கண்ணி கோக்கிற ஆள்தான் இல்லை. ரயில்வேயை நம்பலாம் என்றால் மரக்காணத்துக்கு இன்னும் ரயிலே வரவில்லை. மாமல்லபுரம் வழியாகக் கடற்கரையோரம் புதுச்சேரிக்குப் பாதை என்பது நெடுங்காலமாகத் திட்டத்திலேயே இருக்கிறது. ரயிலேற அவள் திண்டிவனம் போக வேண்டும்.

கடைசியாக வரும் ஆட்சேபணை பணம். நட்டத்தில் ஓடுகிற மின்வாரியமும் போக்குவரத்துக் கழகமும் பெண்களைப் பந்தாட வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டுமா என்று கணக்குத் தணிக்கையாளர் கேட்பார். கேட்கட்டும், கணக்கையே போட்டுப் பார்க்கலாம். ஓர் அணிக்குப் பன்னிரண்டு பேர். அவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை; போட்டியும் முகாமும் இல்லாத நாட்களில் மேசையில் இருக்கிறார்கள், ஆட்டம் முடிந்த வயதுக்குப் பிறகு இன்னும் இருபத்தைந்து ஆண்டு வேலை பார்க்கிறார்கள். பல்லாயிரம் ஊழியர்கள் உள்ள ஒரு வாரியத்தில் எப்படியும் நிரப்பப் போகிற இளநிலை உதவியாளர் இடங்களில் ஆண்டுக்கு இரண்டைக் கூடைப்பந்துப் பெண்களுக்கு ஒதுக்கினால் ஆறாவது ஆண்டில் ஓர் அணி முழுமையாகும். கூடுதல் செலவு பயிற்சியாளருக்கும் பயணத்துக்கும் மட்டும். கேரளத்தில் ஒரு வாரியம் இதைச் செய்து காட்டியிருக்கிறது, அதனால் அது திவாலாகிவிடவில்லை. தமிழ்நாட்டின் ஆண்கள் அணிக்கு இந்தியன் ஓவர்சீஸ் வங்கி இருந்ததுபோலப் பெண்கள் அணிக்கு அப்படி இரண்டு நிறுவனங்கள் அமைந்தால், ரயில்வேக்குப் போகிற பெண்களில் சிலர் இங்கேயே நிற்பார்கள். மீதிப் பேர் ரயில்வேக்குப் போவார்கள், போகட்டும். தேசிய இறுதிப் போட்டியில் இரண்டு பக்கமும் சம்பளம் வாங்குகிற பெண்கள் மோதிக்கொண்டால் யார் வெல்வார்கள் என்பதை நேரு அரங்கத்துக்கு வந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.